தென்காசி வட்டாரத்தில் மணமுறிவுச் சட்டம்: காரணங்களும் காத்திருப்புக் காலங்களும்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குச் சுமார் 8 கிலோமீட்டர். குற்றாலம் அதைவிடப் பக்கம். இன்று மூன்றும் ஒரே மாவட்டம். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் அவை அடங்கும். ஆனால் 1956 நவம்பர் 1-க்கு முன் தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தன. செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் நாட்டில் இருந்தது. ஒரே மொழி பேசி, ஒரே அருவியில் குளித்து, தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த மக்கள் இரண்டு வேறு சட்டங்களின் கீழ் வாழ்ந்தனர். மணத்தை முறித்துக்கொள்ள யாருக்கு உரிமை உண்டு, எந்தக் காரணத்துக்காக, எத்தனை காலம் காத்திருந்து என்ற கேள்விகளுக்கு இந்தச் சிறிய வட்டாரத்தில் ஒரே நேரத்தில் பல விடைகள் இருந்தன. இந்துவுக்கு ஒன்று, கிறித்தவருக்கு ஒன்று, முஸ்லிமுக்கு ஒன்று, ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒன்று, எல்லைக்கு மேற்கே வேறொன்று.

ஏட்டுச் சட்டத்துக்கு முன்

இந்து மணம் பிரிக்க முடியாதது, விவாகரத்து வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது பாதி உண்மைகூட இல்லை. தர்ம நூல்களிலேயே இதற்குப் பலவகையான பேச்சு இருக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் மணமுறிவுக்கு 'மோட்சம்' என்ற சொல்லை ஆள்கிறது. ஒருவருக்கு மட்டும் வெறுப்பு என்றால் விடுதலை இல்லை, இருவருக்கும் வெறுப்பு என்றால் உண்டு என்பது அதன் விதி. ஆனால் 'தர்ம விவாகம்' எனப்படும் உயர்வகை மணங்களுக்கு இந்த மோட்சம் கிடையாது. பராசர ஸ்மிருதி, கணவன் காணாமற்போதல், இறத்தல், துறவு பூணுதல், ஆண்மையற்றிருத்தல், சாதியிலிருந்து வீழ்தல் ஆகிய ஐந்து ஆபத்துகளில் பெண் வேறு கணவனை அடையலாம் என்கிறது. 1855-இல் ஈசுவர சந்திர வித்யாசாகர் விதவை மறுமணத்துக்காக வாதாடியபோது கையிலெடுத்தது இந்தச் சுலோகத்தைத்தான்.

காத்திருப்புக் கணக்கும் பழையதே. வெளியூர் போன கணவனுக்காக மனைவி எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று மனு கணக்குச் சொல்கிறார். அறச் செயலுக்குப் போனவனுக்கு 8 ஆண்டுகள், கல்விக்கோ புகழுக்கோ போனவனுக்கு 6, இன்பம் தேடிப் போனவனுக்கு 3. காத்திருந்த பின் அவள் என்ன செய்யலாம் என்பதைச் சுலோகம் சொல்லவில்லை. உரையாசிரியர்கள் அதில் ஆளுக்கொரு பக்கம் நின்றனர். அவனைத் தேடிப் போகலாம் என்று பொருள் சொன்னவர்களும் உண்டு. காலத்தைத் துல்லியமாக வரையறுத்துவிட்டு உரிமையை மட்டும் சொல்லாமல் விடுவது பிற்காலச் சட்டங்களிலும் தொடர்ந்த பழக்கம்.

நூல்களைவிட வழக்கமே மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்தது. தமிழில் 'துரும்பு கொடுத்தல்', 'துரும்பு கிள்ளிப் போடுதல்' என்னும் தொடர்கள் மணமுறிவைக் குறிக்கும். ஊரார் முன்னிலையில் கணவன் ஒரு துரும்பைக் கொடுப்பதும் மனைவி அதை வாங்கிக்கொள்வதும் பிரிவுக்கு அடையாளமாக இருந்ததை, எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் கள்ளர் சமூகம் குறித்த பகுதியில் பதிவு செய்திருக்கிறார். தென்மாவட்டப் பேச்சில் 'தீர்த்துவிடுவது', 'அத்துவிடுவது' என்ற சொற்கள் இன்றும் புழங்குகின்றன. தாலியை அறுத்துவிட்டு இன்னொருவரைக் கட்டிக்கொள்வது 'அறுத்துக்கட்டுதல்'. பரிசப் பணம், கல்யாணச் செலவு, நகை ஆகியவற்றைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது. காத்திருப்புக் காலம் என்று தனியாக எதுவும் இல்லை. பஞ்சாயத்து கூடிக் கலையும் நேரந்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அறுத்துக்கட்டும் வழக்கம் உள்ள சாதி தாழ்ந்தது, இல்லாத சாதி உயர்ந்தது என்ற அளவுகோலும் கூடவே இருந்தது. அதனால் நிலமும் படிப்பும் சேர்ந்து மேலே வந்த குடும்பங்கள் முதலில் கைவிட்டவற்றுள் இந்த வழக்கமும் ஒன்று. பொருளாதார ஏற்றம் ஆண்களுக்குப் பட்டாவும் பட்டமும் தந்தபோது, பெண்களிடமிருந்து அவர்களின் பாட்டிமாருக்கு இருந்த உரிமையைப் பறித்தது.

வழக்கமா, ஏடா?

பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் முதலில் சாஸ்திர ஏட்டையே இந்துச் சட்டம் என்று எடுத்துக்கொண்டன. 1868-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், இராமநாதபுரம் சமஸ்தானத் தத்துரிமை வழக்கில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் ஏட்டுச் சட்டத்தைவிட வலுவானது என்று தீர்ப்பளித்தது. அதன் பயன் மணமுறிவு வழக்குகளிலும் தெரிந்தது. ஒருவர் மற்றவருக்குக் கல்யாணச் செலவை ஈடுசெய்து, இருவரும் இசைந்து பிரிந்து, மறுமணம் செய்துகொள்ளும் சாதி வழக்கத்தில் ஒழுக்கக்கேடு எதுவும் இல்லை என்று 1894-இல் சென்னை உயர்நீதிமன்றம் சங்கரலிங்கம் செட்டி வழக்கில் ஏற்றுக்கொண்டது. நீதிமன்றங்கள் ஏற்காதது ஒருதலையான வழக்கத்தை. ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் விருப்பம்போல் அத்துவிடலாம் என்ற வழக்கங்களைப் பொதுநெறிக்கு மாறானவை என்று அவை தள்ளின.

வழக்கம் இல்லாத சமூகத்துப் பெண்ணுக்கு வழி எதுவுமே இல்லை. பம்பாயில் 1884 முதல் 1888 வரை நடந்த ருக்மாபாய் வழக்கு இதை நாடறியச் செய்தது. சிறுவயதில் கட்டிவைத்த கணவனுடன் வாழ மறுத்த அவரை, ஒன்று கணவன் வீட்டுக்குப் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறைக்குப் போ என்று 1887-இல் நீதிமன்றம் பணித்தது. பணம் கொடுத்து வழக்கு முடிந்த பின் ருக்மாபாய் இலண்டன் சென்று மருத்துவம் படித்தார். எல்லோருக்கும் இலண்டன் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு மிஞ்சியது 'வாழாவெட்டி' என்ற பெயர். தமிழில் இதற்கு இணையாக ஆணைக் குறிக்கும் சொல் கிடையாது.

எல்லைக்கு மேற்கே

செங்கோட்டை சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் நிலைமை வேறு. அங்கு அரசு ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனியே சட்டம் இயற்றியது. 1912-இலும் 1925-இலும் வந்த நாயர் சட்டங்கள் மருமக்கள்தாய முறையில் இருந்த சம்பந்த உறவைச் சட்டபூர்வமான மணமாக்கின. அதே மூச்சில் அதை முறிக்கும் வழியையும் எழுதின. இருவரும் ஒப்பினால் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம். இல்லையென்றால் நீதிமன்ற உத்தரவு பெறலாம். ஈழவர்களுக்கு 1925-இல் ஒரு சட்டம், தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கு 1926-இல் ஒரு சட்டம் என வரிசையாக வந்தன.

கடைசியாகச் சொன்னதன் பின்னணியில் ஓர் இலக்கியக் கதையும் உண்டு. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண் தன் கதையைச் சொல்வதாக அமைந்த அங்கத நூல். கட்டியவளுக்கும் பிள்ளைகளுக்கும் சொத்தில் இடமில்லாமல் மருமகனுக்கே எல்லாம் போகும் முறையை அது கேலி செய்தது. சட்டம் மாற அது உதவியது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரு கவிதை சட்டத்தை மாற்றியது என்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அந்தச் சமூகத்துக்குள்ளேயே படித்த இளைஞர்களின் கிளர்ச்சி ஏற்கெனவே சூடு பிடித்திருந்தது. ஆனால் அந்த நூல் இல்லாமல் அந்தக் கிளர்ச்சி வீட்டுத் திண்ணைகளை எட்டியிருக்காது.

ஆக 1930-இல், காரணம் எதையும் மெய்ப்பிக்காமல் இருவர் கையெழுத்தோடு மணத்தைத் தீர்த்துக்கொள்ளும் ஏட்டுச் சட்டம் ஆரியங்காவுக்கு அந்தப்புறம் சில சமூகங்களுக்கு நடைமுறையில் இருந்தது. குற்றாலத்து இந்துப் பெண்ணுக்கு அத்தகைய ஏட்டுச் சட்டம் எதுவும் இல்லை. அதை இந்திய நாடாளுமன்றம் எல்லா இந்துக்களுக்கும் தர 1976 ஆனது.

மதம் மாறியவர்களும் கிறித்தவர்களும்

19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலி ஜில்லா தென்னிந்தியாவின் மிகப் பெரிய புரொட்டஸ்டன்ட் மிஷன் களங்களில் ஒன்று. மதம் மாறியவரின் கணவனோ மனைவியோ கூட வர மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்வி இங்கு அடிக்கடி எழக்கூடியதே. 1866-ஆம் ஆண்டின் மதம் மாறியோர் மணமுறிவுச் சட்டம் அதற்கு விடை சொன்னது. மதம் மாறியதைக் காரணங்காட்டி ஆறு மாதம் தொடர்ந்து விலகியிருந்தால் மனுப் போடலாம். நீதிபதி இருவரையும் விசாரித்து வழக்கை ஓராண்டு தள்ளிவைப்பார். ஆண்டு கழிந்தும் மனம் மாறவில்லையென்றால் தீர்ப்பு. மனம் மாறட்டும் என்று சட்டமே நாள் குறித்துக் காத்திருக்கும் முறைக்கு இது இந்தியாவில் ஒரு முன்னோடி.

மூன்று ஆண்டுகள் கழித்து வந்த 1869-ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம் கிறித்தவர்களுக்கானது. மனைவி பிறனோடு உறவு கொண்டாள் என்று காட்டினால் கணவனுக்கு மணமுறிவு கிடைக்கும். மனைவிக்கு அது போதாது. கணவனின் பிற உறவோடு கொடுமையோ, இரண்டாண்டுக் காலம் கைவிட்டதோ, இருதார மணமோ சேர்ந்திருக்க வேண்டும். மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தாலும் போதாது. சென்னை உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து உறுதி செய்ய வேண்டும், அதுவும் ஆறு மாதம் கழித்து. பிறகு மறுமணத்துக்கு இன்னும் ஆறு மாதம். சுரண்டையிலோ பாவூர்சத்திரத்திலோ இருந்த ஒரு பெண் பாளையங்கோட்டைக்கும் பிறகு சென்னைக்கும் தன் வழக்கைத் துரத்த வேண்டியிருந்தது. இந்த ஏற்பாடு 132 ஆண்டுகள் நீடித்தது என்பது வியப்புக்குரியது. 2001-இன் திருத்தந்தான் கணவன், மனைவி இருவருக்கும் ஒரே காரணங்களை வகுத்து, உயர்நீதிமன்ற உறுதிப்பாட்டையும் நீக்கியது. அப்போதும் பரஸ்பர சம்மத மனுவுக்கு இரண்டாண்டுப் பிரிவு என்று வைத்தார்கள். மற்றவர்களுக்கு ஓராண்டு. கேரள உயர்நீதிமன்றம் 2010-இல் இதைப் பாகுபாடு என்று கூறி ஓராண்டாகவே படிக்க வேண்டும் என்றது.

கடையநல்லூரின் கடல் தாண்டிய கணவர்கள்

கடையநல்லூர், தென்காசி, வடகரை ஆகிய ஊர்களில் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கின்றனர். கடையநல்லூரிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்கள் போனது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பெருவழக்கானது. சிங்கப்பூரில் அந்த ஊர்ப் பெயரிலேயே 1941-இல் ஒரு சங்கம் தோன்றியது. போனவர்களில் பெரும்பாலோர் பணம் அனுப்பினார்கள், திரும்பினார்கள். திரும்பாதவனின் மனைவி?

ஹனஃபி சட்ட மரபில், காணாமற்போன கணவன் பிறந்து தொண்ணூறு ஆண்டு ஆகும்வரை அவன் உயிரோடிருப்பதாகக் கொள்ளும் கருத்து இருந்தது. மாலிகி மரபில் நான்கு ஆண்டுகள். வட இந்தியாவில் சில பெண்கள் வேறு வழியின்றி, மணம் தானாக முறியும் என்பதற்காக மதத்தையே விட்டார்கள். இதைத் தடுக்க அஷ்ரஃப் அலி தானவி முதலிய உலமாக்கள் மாலிகி விதியை ஏற்கலாம் என்று 1930-களின் தொடக்கத்தில் வழிசொன்னார்கள். அதன் விளைவே 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் மணமுறிவுச் சட்டம்.

இதன்படி கணவன் இருக்குமிடம் நான்கு ஆண்டுகள் தெரியாவிட்டால் மனைவி மனுச் செய்யலாம். தீர்ப்பு வந்தாலும் ஆறு மாதம் கழித்தே அது நடைமுறைக்கு வரும். அதற்குள் கணவன் வந்து குடும்பம் நடத்தத் தயார் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால் தீர்ப்பு ரத்து. இரண்டாண்டு செலவுக்குக் கொடுக்காமை, ஏழாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை, மூன்றாண்டு மணக்கடமை தவறுதல், கொடுமை ஆகியவையும் காரணங்கள். கொடுமை என்பதை அந்தச் சட்டம் விரித்தே எழுதியிருக்கிறது: அடிப்பது மட்டுமல்ல, உடல் தீங்கில்லாத நடத்தையால் வாழ்வைத் துன்பமாக்குவதும் கொடுமைதான், மனைவியின் சொத்தை விற்பதும், மதக் கடமையைத் தடுப்பதும் கொடுமையே. சுதந்திரத்துக்கு முன் முஸ்லிம் மனைவிக்குக் கிடைத்த இந்தப் பட்டியல், இந்து மனைவிக்கு 1955-இல் கிடைத்ததைவிட அகலமானது. பொதுவாக நடக்கும் விவாதங்களில் இது நினைவுகூரப்படுவதில்லை.

கணவன் சொல்லும் தலாக் வேறு வழி. மூன்று தலாக்கை ஒரே மூச்சில் சொல்வது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22 அன்று தீர்ப்பளித்தது. 2019-இன் சட்டம் அதை மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பிரிந்த பின் மனைவி கடைப்பிடிக்கும் இத்தா காலம் மூன்று மாதவிடாய்ச் சுற்றுகள், மாதவிடாய் இல்லாதவருக்கு மூன்று மாதங்கள். கருவுற்றிருந்தால் பிள்ளை பிறக்கும்வரை.

1949, 1955, 1976

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் மணத்தை ரத்து செய்துகொள்ளும் உரிமை வேண்டும் என்று கேட்டது. பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் 'கல்யாண விடுதலை' என்றே ஒரு கட்டுரை இருக்கிறது. அதற்கு இருபதாண்டுகள் கழித்து, 1949-இல் சென்னை மாகாணம் இந்துக்களுக்கு இருதாரத் தடையும் விவாகரத்தும் தரும் சட்டத்தை இயற்றியது. தென்காசியிலும் குற்றாலத்திலும் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் நீதிமன்றம் வழியாக மணமுறிவு கிடைக்கக்கூடியதானது அப்போதுதான். ஆறாண்டுகளில் நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் (1955 மே 18) அதன் இடத்தைப் பிடித்தது. அடுத்த ஆண்டு செங்கோட்டை தமிழகத்தோடு சேர்ந்தபோது இரு கரைகளும் ஒரே சட்டத்துக்குள் வந்தன.

முழுமையாக அல்ல. அந்தச் சட்டத்தின் 29(2) பிரிவு, வழக்கத்தாலோ சிறப்புச் சட்டத்தாலோ ஏற்கெனவே உள்ள மணமுறிவு உரிமையைத் தொடவில்லை. 'வழக்கம்' என்ற சொல் துரும்பு கிள்ளியவர்களைக் காத்தது. 'சிறப்புச் சட்டம்' என்ற சொல் மலைக்கு அப்பாலிருந்த மருமக்கள்தாயச் சட்டங்களைக் காத்தது.

1955-இல் கொடுத்தது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணவனால் கைவிடப்பட்ட ஒரு குற்றாலத்துப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். கைவிட்டுப் போனது அன்று மணமுறிவுக்குக் காரணமே அல்ல. நீதிமுறைப் பிரிவுக்கு மட்டுமே காரணம். அதற்கும் இரண்டு ஆண்டுகள் கைவிடப்பட்டிருக்க வேண்டும். பிரிவுத் தீர்ப்பு வாங்கிய பின் இரண்டு ஆண்டுகள் சேராமல் இருக்க வேண்டும். அதன்பிறகே மணமுறிவு மனு. அது கிடைத்தால் மறுமணத்துக்கு மேலும் ஓராண்டு. நீதிமன்றத்தில் கழியும் நாட்களைச் சேர்க்காமலே ஐந்து ஆண்டுகள். இருபது வயதில் கைவிடப்பட்டவளுக்கு இரண்டு வழக்குகளும் நடந்து முடியும்போது முப்பதை நெருங்கிவிடும். அந்தக் காலத்துத் தென்காசியில் முப்பது வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் வீடு எத்தனை இருந்திருக்கும்? கொடுமைக்கும் இதே சுற்றுவழிதான்; தொடக்கத்திலுள்ள இரண்டாண்டு மட்டும் குறையும்.

நேரடியாக மணமுறிவு தரும் காரணங்களும் இருந்தன. பிற உறவில் வாழ்ந்துகொண்டிருத்தல், மதமாற்றம், மூன்றாண்டு தீராத மனநோய், கடுமையான தொழுநோய், பால்வினை நோய், துறவு, ஏழாண்டு செய்தியே இல்லாமை. ஏழாண்டு என்ற எண் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் இருந்தது. இவற்றுக்கும், மணமாகி மூன்று ஆண்டுகள் முடியும் முன் மனுச் செய்யக்கூடாது என்ற பூட்டு இருந்தது. அசாதாரணத் துன்பம் என்றால் மட்டும் நீதிமன்றம் அனுமதிக்கலாம். இந்தப் பூட்டு நம் ஊர்ச் சரக்கல்ல. 1937-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து ஏறக்குறைய அப்படியே எடுத்தது. அவசரப்பட்டுப் பிரிந்துவிடக்கூடாது என்பது அதன் நோக்கம். தாமாகத் துணை தேர்ந்த இங்கிலாந்துத் தம்பதிகளுக்கு அது பொருந்தியிருக்கலாம். முகம் பார்த்து ஒரு வாரத்தில் கழுத்தை நீட்டியவளிடம், அவசரப்படாதே என்று பிரியும்போது மட்டும் சொல்வது விந்தை.

1964-இல் சிறு திருத்தம் வந்தது. பிரிவுத் தீர்ப்புக்குப் பின் சேரவில்லையென்றால், வென்றவர் மட்டுமல்ல, தோற்றவரும் மணமுறிவு கேட்கலாம் என்றானது. இதற்கிடையே 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் (7-ஏ பிரிவு) சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. இது மணத்தைப் பற்றிய சட்டமானாலும் மணமுறிவுக்கும் முக்கியம். செல்லாத மணத்துக்கு விவாகரத்தும் இல்லை, ஜீவனாம்சத்துக்கும் இழுபறி.

பெரிய மாற்றம் 1976 மே 27-இல் வந்தது. நெருக்கடி நிலையின் நடுவே, பெரிய விவாதமின்றி, கொடுமையும் இரண்டாண்டுக் கைவிடலும் நேரடிக் காரணங்களாயின. மூன்றாண்டுப் பூட்டு ஓராண்டானது. மறுமணத்துக்கான ஓராண்டுத் தடை போயிற்று. மேல்முறையீட்டுக் காலம் கழிந்தால் போதும். அந்தக் காலம் அப்போது 30 நாள், 2003 முதல் 90 நாள். பிரிவுத் தீர்ப்புக்குப் பிந்திய இரண்டாண்டும் ஓராண்டாயிற்று. பதினைந்து வயதுக்கு முன் கட்டிவைக்கப்பட்ட பெண், பதினெட்டுக்குள் அந்த மணத்தை மறுத்திருந்தால் அதுவும் காரணமானது. எல்லாவற்றுக்கும் மேலாக 13-பி பிரிவு, பரஸ்பர சம்மதம். ஓராண்டு பிரிந்திருந்து இருவரும் சேர்ந்து மனுப் போட்டு, ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மீண்டும் வந்து உறுதிசொன்னால் மணமுறிவு. இங்கிலாந்து தன் மூன்றாண்டுப் பூட்டை ஓராண்டாகத் தளர்த்தியது 1984-இல்தான். அந்த ஒரு விஷயத்தில் இந்தியா முந்திக்கொண்டது.

தொழுநோய் 2019 வரை பட்டியலில் இருந்தது. மருந்தால் முழுதாகக் குணமாகும் என்று தெரிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அது நீடித்ததற்கு நியாயமே இல்லை.

ஸ்டாம்பு பேப்பரும் சார்பு நீதிமன்றமும்

சட்டம் இப்படி நகர்ந்தபோது ஊரில் நடந்தது வேறு. பஞ்சாயத்துத் தீர்வு நிற்கவில்லை. துரும்பின் இடத்தை முத்திரைத்தாள் பிடித்தது. இருவரும் கையெழுத்திட்டு, நான்கு பேர் சாட்சி போட்டு, சீர்வரிசையைத் திருப்பிக்கொடுத்துப் பிரிவார்கள். சில நேரங்களில் நோட்டரி முத்திரையும் விழும். இதுவே விவாகரத்து என்று இரு வீட்டாரும் நம்புவார்கள்.

அது விவாகரத்து அல்ல. 29(2) காப்பாற்றுவது வழக்கத்தை மட்டுமே, காகிதத்தை அல்ல. தங்கள் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இடைவிடாமல் இருக்கிறது என்பதை அதைச் சொல்பவரே குறிப்பாக எடுத்துரைத்து, சான்றுகளோடு மெய்ப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லி, வழக்கம் நிரூபிக்கப்படாத மணமுறிவுப் பத்திரத்தை ஏற்க மறுத்தது. விளைவு பெரும்பாலும் பெண் தலையில் விழுகிறது. அத்தகைய தாளை நம்பி இரண்டாவதாக மணந்தவளின் மணம் செல்லாது. கணவன் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் முதல் மனைவிக்கே. முதல் மனைவியோ தன் கையெழுத்தையே மறுக்க வேண்டிய நிலையில் நிற்பாள். தாளில் கையெழுத்திட்ட ஆணும் இருதாரமணக் குற்றத்துக்கு ஆளாகலாம். அதற்கு ஏழாண்டு வரை தண்டனை உண்டு. வழக்கம் மெய்யாகவே உள்ள சமூகத்தினர், அந்தப் பத்திரம் செல்லும் என்று விளம்பக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

மக்கள் ஏன் இன்னும் முத்திரைத்தாளைத் தேடுகிறார்கள் என்பதற்குப் பதில் கடினமானதல்ல. தென்காசி, ஆலங்குளம், கடையநல்லூர் சுற்றுவட்டாரத்தில் பல்லாயிரம் பெண்கள் வீட்டில் பீடி சுற்றிப் பிழைக்கிறார்கள். எத்தனை பீடியோ அத்தனை கூலி. ஒரு வாய்தாவுக்குக் கோர்ட் வாசலில் நின்றால் அன்றைய கூலி இல்லை, பஸ் செலவு தனி. பஞ்சாயத்து ஒரே நாளில் முடிகிறது.

இந்தச் சுமையைக் குறைத்த திருத்தங்களில் அதிகம் பேசப்படாதது 2003-இல் வந்தது. அதற்கு முன் மணம் நடந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில்தான் பொதுவாக மனுப் போட முடியும். சென்னைக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்த் தாய்வீடு திரும்பியவள் சென்னைக்கே அலைய வேண்டியிருந்தது. இப்போது மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்யலாம். குற்றாலத்தில் தாய்வீட்டில் இருப்பவளுக்குத் தென்காசி சார்பு நீதிமன்றம் போதும். 2004 ஜூலையில் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை திறந்ததால் மேல்முறையீட்டுக்கும் சென்னைப் பயணம் தேவையில்லை.

பரஸ்பர சம்மதத்தில் உள்ள ஆறு மாதமும் இப்போது கல்வெட்டல்ல. 2017 செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் அதை வழிகாட்டும் காலமாகவே கொள்ளலாம் என்றது. பிரிந்த ஓராண்டும் இந்த ஆறு மாதமும் ஏற்கெனவே கழிந்திருக்க வேண்டும். சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், பிள்ளைகள் யாரிடம் என்பவை தீர்ந்திருக்க வேண்டும். காத்திருப்பு வேதனையை நீட்டுவதாக மட்டுமே இருக்க வேண்டும். இவை இருந்தால் முதல் மனுப் போட்ட ஒரு வாரத்திலேயே விலக்குக் கேட்கலாம். தென்காசி நீதிபதியே இதைத் தரலாம்.

ஒருவர் ஒப்பாமல், கொடுமையோ கைவிடலோ மெய்ப்பிக்கவும் முடியாமல், மணம் மட்டும் செத்துப்போயிருந்தால் என்ன செய்வது? இந்தக் காரணத்தையும் சேர்க்கலாம் என்று சட்ட ஆணையம் 1978-இல் தன் 71-ஆம் அறிக்கையில் சொன்னது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 2010-இல் கொண்டுவரப்பட்ட மசோதா 2013-இல் மாநிலங்களவையைத் தாண்டியது. 2014-இல் மக்களவை கலைந்ததோடு காலாவதியானது. 2023 மே 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசமைப்பின் 142-ஆவது பிரிவின் கீழ்த் தான் அப்படிப்பட்ட மணங்களை முறிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. தென்காசி சார்பு நீதிமன்றத்துக்கும் இல்லை, மதுரைக் கிளைக்கும் இல்லை. அந்தக் காரணத்துக்காக மணமுறிவு வேண்டும் ஒருவர் டெல்லி வரை வழக்கைக் கொண்டுபோக வேண்டும்.